ஆள் இல்லாத வயல்

கல்யாண வயது வரை கூலிக்குக் களை பறித்தவள் என்பதால், படம் வரையப் போன பிறகும் களைக்காரி என்ற பேர் அவளை விடவில்லை. அவளும் அதை விடவில்லை. படத்தின் மூலையில் போடுகிற கையெழுத்தே அதுதான்.

பண்ணைக்காரர் தன் புது வீட்டுக் கூடத்துச் சுவர் முழுக்கத் தன் வயலை வரையச் சொன்னார். அவள் அறுவடை நாளை வரைந்தாள். குனிந்த முதுகுகள் பதினொன்று. எந்த முதுகு யாருடையது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். மூன்றாவது முதுகு அவளுடைய அக்கா. அந்த வீட்டில் அக்காவுக்குப் பின்வாசலோடு சரி. "உன்னை நடுக்கூடத்துல வரையறேன்க்கா" என்று தங்கை சொன்னபோது, "இடுப்பைக் கொஞ்சம் சிறுசா போடுடி" என்றாள். அதற்கப்புறம் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லியும் வைத்துவிட்டாள்.

பண்ணைக்காரர் வந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"வயல் அருமை. ஆனா எதுக்கும்மா இத்தனை பேரு? சாப்பிட உக்காந்தா இவங்கதான் கண்ணுல படுறாங்க. எடுத்துடு."

களைக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? ஆனாலும், "எடுத்துடறேங்க" என்றாள். அவர் மூன்று நாள் வெளியூர் போனார்.

முதலில் ஆட்களை வண்ணம் பூசி மறைத்தாள். அக்காவை மறைக்கும்போது அழுதேவிட்டாள். ஆளே இல்லாதபோது அவர்கள் கட்டிய கதிர்க்கட்டு மட்டும் எதற்கு? அதுவும் போயிற்று. விதைத்த பயிர், வெட்டிய வாய்க்கால், போட்ட வரப்பு, ஒன்றையும் பாக்கி வைக்கவில்லை. கல்லும் முள்ளும்தான் மிஞ்சின. அவற்றை மட்டும் குறை வைக்காமல் வரைந்தாள்.

திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்ன கூத்து இது? என் வயல் எங்க?"

"ஆளை எடுக்கச் சொன்னீங்க. அவங்க செஞ்சதையும் சேர்த்து எடுத்தாத்தானே சுத்தமா எடுத்த மாதிரி? மிச்சம் இருக்கறது உங்களுதுங்க."

அவர் விரல்விட்டு நாளை எண்ணினார். மறுவாரம் ஊர்ப் பெரிய மனிதர்கள் விருந்துக்கு வருகிறார்கள். முட்காட்டைக் காட்டியா சோறு போடுவது?

"சரி, போட்டுத் தொலை. தூரத்துல, சின்னதா."

"சின்னதா எனக்கு வராதுங்க."

சொல்லிவிட்டு ஏணியை இழுத்துப் போட்டாள். முள்ளின் மேலேயே அக்காவை நிமிர்ந்து நிற்க வைத்து வரையத் தொடங்கினாள். அக்காவின் தலை கூரையைத் தொட்டது.