குன்வோர் அடுக்கிய பதினொரு கார்கள்

குன்வோரைப் போலக் காரை ஒட்டி நிறுத்தத் தெரிந்த ஆளை இந்த வடக்குப் பனித்தீவில் நான் வேறு கண்டதில்லை. முப்பத்தொரு வருஷம் படகின் கார்த் தட்டில் நின்று கைகாட்டியவள். ஒரு காருக்கும் அடுத்த காருக்கும் இடையில் விரற்கடை இடம் விடுவாள். அதற்கு மேல் விட்டால் அது அவளுக்கு ஊதாரித்தனம். அத்தனை வருஷத்தில் தன் தட்டில் ஒரு காருக்கும் கீறல் விழவில்லை என்பதை யாரும் கேட்காமலே சொல்லிக்கொள்வாள்.

கடலுக்கு அடியால் சுரங்கப்பாதை வந்தபோது படகு நின்றது. குன்வோரின் கை நிற்கவில்லை. இலை உதிரத் தொடங்கியதும் ஊரில் பாதிக் கிழடுகள் வெயில் காய ஸ்பெயினுக்குப் போய்விடும், ஈஸ்டருக்குத்தான் திரும்பும். எல்லோரிடமும் மின்சாரக் கார். பனியும் உப்புக்காற்றும் தின்ன அதை ஆறு மாதம் வெளியே விட்டுப்போக யாருக்கும் மனம் வராது. குன்வோரின் அப்பா விட்டுப்போன கருவாட்டுக் கிடங்கு கடல் ஓரத்தில் சும்மா கிடந்தது. அதில் ஏழு கார் நிற்கும் என்று எல்லோரும் கணக்குச் சொன்னார்கள். அவள் பதினொன்றை அடுக்கினாள். கூலி கேட்கமாட்டாள். வரும்போது ஆளுக்கொரு பன்றித்தொடை கொண்டுவந்தால் போதும்.

ஆனால் அந்தக் கார்களைக் கண்டால் அவளுக்குப் பயம். ஒருமுறை நடுக்கடலில், தட்டில் நின்ற வண்டியொன்று புகைந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து நெருப்பு என்ற சொல்லே ஆகாது. மின்கலம் பாதி வயிற்றோடு இருக்க வேண்டும், முட்ட நிரப்பக் கூடாது, காயவும் விடக் கூடாது, சார்ஜ் கம்பி செருகக் கூடாது என்று சொந்தக்காரர்கள் சொன்னதையெல்லாம் வேதவாக்காக வைத்திருந்தாள். தினமும் காலையில் கிடங்கைத் திறந்து ஒவ்வொரு காராக மோந்து பார்ப்பாள். "நீ காவல்காரியோ, காவல்நாயோ?" என்று நான் கேட்பேன். "உன்ரை மூக்கை நம்பினா ஊரே எரிஞ்சிடும் யூஹான்," என்பாள். என் பெயர் யோகன். இருபது வருஷமாகத் திருத்தியும் அவள் நாக்கு வளையவில்லை.

அவளுடைய சொந்தச் சட்டம் ஒன்று உண்டு. சாவி காருக்குள்ளேயே, கோப்பை வைக்கும் குழியில் இருக்க வேண்டும். படகில் அப்படித்தான். சென்ற ஒக்டோபரில் காரை விட வந்த ஸ்டைனார் மட்டும் தலையைச் சொறிந்தான். அவனும் குன்வோரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"காரோடை வந்த புத்தகத்திலை சாவியைத் தூரத்திலை வைக்கச் சொல்லி இருக்குதெல்லோ."

"நெருப்புப் பிடிச்சா நான் உன்ரை சாவியைத் தேடி ஸ்பெயினுக்கு வாறதோ?"

ஸ்டைனார் சாவியைக் குழியில் போட்டான். பத்து வயதிலேயே அவளோடு வாதாடித் தோற்றவன்.

புத்தகம் சொன்னதுதான் சரி. சாவி பக்கத்தில் இருந்தால் அந்தக் கார் தூங்காது; சொந்தக்காரன் இப்போது ஏறுவான், இப்போது ஏறுவான் என்று விழித்தே கிடக்கும். ஓட்டுகிற பெரிய மின்கலத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. கதவையும் கண்ணாடியையும் விளக்கையும் இயக்கும் சின்ன மின்கலம்தான் நான்கு மாதத்தில் செத்துப்போகும். அந்தச் சின்னது ஒன்று இருப்பதே குன்வோருக்குத் தெரியாது.

பெப்ரவரி நடுவில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஸ்டைனார் ஸ்பெயினிலிருந்து அவளை அழைத்தான். இதற்குப் பிறகு நடந்ததில் பாதியை அவர்கள் இருவரும் சொல்லித்தான் நான் அறிந்தேன்.

"என்ரை போனிலை கார் தெரியேல்லை குன்வோர். அவசரமில்லை. உனக்கு நேரம் இருக்கேக்கை…"

"போய்ப் பாத்திட்டுப் பத்து நிமிசத்திலை எடுக்கிறன்."

போன் அடுப்படியில் சார்ஜில் கிடந்தது. அதை அங்கேயே விட்டு, கம்பளிச் சட்டைக்கு மேல் ஒரு மழைக்கோட்டை மாட்டி, மரச்செருப்போடு கிளம்பினாள். பத்து நிமிஷ வேலைக்கு யார் முழு உடுப்புப் போடுவார்கள்? வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினான்கு பாகை. பனி உள்ளே அடிக்காதபடி கிடங்குக் கதவையும் சாத்திக்கொண்டாள்.

ஸ்டைனாரின் கார் நடு வரிசையில் நின்றது. முன்கதவுகளைத் திறக்க இரண்டு பக்கமும் இடமில்லை. இடப்பக்கம் நிற்பது குட்டிக் கார் என்பதால் ஒரு பின்கதவுக்கு மட்டும் கொஞ்சம் வழி. காரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு அந்த வழியாகத்தான் ஒல்லிக்குச்சி போல அவள் இறங்கி வருவாள். அன்று கைப்பிடியைத் தொட்டபோது கதவு ஈனமாக ஒரு சத்தம் போட்டுத் திறந்தது. உள்ளே நுழைந்தாள். குளிருக்குப் பயந்து கதவை இழுத்துச் சாத்தினாள். சின்ன மின்கலத்தின் கடைசி மூச்சு அந்தத் திறப்போடு போயிருந்தது.

திரை இருட்டு. பின்கதவின் பொத்தானை அழுத்தினாள். ஒன்றுமில்லை. மறுபக்கம் போய் அழுத்தினாள். ஒன்றுமில்லை. கண்ணாடி இறங்கவில்லை, பின்மூடி அசையவில்லை. முன்னிருக்கைக்குத் தாவினாள். அங்கே கையால் இழுக்கும் பிடி இருந்தது. இழுத்ததும் கதவு திறந்தது. "அப்பாடா" என்று தள்ளினாள். விரற்கடை அளவு போய் அடுத்த காரில் முட்டி நின்றது.

தான் விட்ட இடைவெளி. அதற்குள் தன் கைகூட நுழையாது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. 

கத்தினாள். அரை மணி நேரம் அந்த இடுக்கில் வாயை வைத்துக் கத்தினாள். கிடங்குக் கதவு சாத்தியிருந்தது. வெளியே காற்று. என் வீடு இருநூறு மீட்டர் தள்ளி. நான் மீன் ஆலை வேலைக்கு லீவு போட்டு, உருளைக்கிழங்கு வெட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

கதவை மறுபடி மறுபடி தள்ளியபோது அடுத்த காரின் பெயின்ற் கீறிவிடக் கூடாதென்று தன் சிவப்புக் கம்பளிக் கையுறையைக் கழற்றி இடுக்கில் வைத்தாள். வைத்ததும் அது அங்கேயே இறுகிக்கொண்டது. அந்தக் குளிரில் ஒரு கை வெறுங்கை ஆயிற்று. பயத்தில் செத்துக்கொண்டிருந்தவள் செய்த வேலை இது.

ஸ்டைனார் ஸ்பெயினில் போனைப் பார்த்தபடி இருந்தான். குன்வோரின் பத்து நிமிஷம் படகின் பத்து நிமிஷம்; பதினொன்று ஆகாது. பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று.  ஆனாலும் கூப்பிடவில்லை. எங்கள் தீவில் ஒருவரைத் தொணதொணப்பது திருடுவதைவிடக் கேவலம். வேலையாக இருப்பாள், போன் அடித்தால் எரிச்சல்படுவாள் என்று மனதை அடக்கினான். பகல் ஒரு மணிக்கு அவளுக்கு ஒருதரம் அடித்தான். இரண்டுக்கு ஒருதரம். மூன்று மணிக்குத்தான் என்னை அழைத்தான்.

"யூஹான், உன்னைக் கரைச்சல்படுத்திறதுக்கு மன்னிச்சுக்கொள். ஒண்டும் இருக்காது. குன்வோரை எங்கையும் கண்டனியே?"

"ஏன்?"

"பத்து நிமிசம் எண்டு சொன்னவள். காலமை பத்து மணிக்கு."

 போனைக்கூட வைக்காமல் ஓடினேன். அவள் வீட்டுக் கதவு பூட்டவில்லை. மேசையில் கோப்பி ஆறி ஆடை படிந்து கிடந்தது. அவள் போன் மட்டும் விழித்திருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். என் குரலே எனக்குப் பயமாக இருந்தது.

முதலில் நான் கிடங்குக்குள் போகவில்லை. அதன் பின்னால் இறங்குதுறை. பலகையெல்லாம் கண்ணாடிபோல உறைந்த பனி. நேரே அங்கே போய் நாலு காலில் தவழ்ந்து கடலை எட்டிப் பார்த்தேன். கறுப்புத் தண்ணீர். மரச்செருப்பு ஏதும் மிதக்கிறதா என்று தேடினேன். மிதக்கவில்லை. மிதந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு கிடங்கைத் திறந்தேன். பதினொரு கார்களும் வாயை மூடிக்கொண்டு நின்றன. "குன்வோர்!" பதில் இல்லை. போன் வெளிச்சத்தை வரிசையாக ஓட்டினேன். இரண்டு கார்களுக்கு நடுவே சிவப்பாக ஏதோ துருத்திக்கொண்டு தெரிந்தது. கையுறை.

பின்னிருக்கையில் முழங்காலை நெஞ்சோடு கட்டிச் சுருண்டிருந்தாள். காரின் கால்விரிப்புகளைப் பிடுங்கி மேலே போர்த்தியிருந்தாள். கண் திறந்திருந்தது, அசையவில்லை. செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். கண்ணாடியில் குத்தினேன். மெதுவாகத் திரும்பினாள். உதடு நீலம்.

பின்கதவை இழுத்தேன். வரவில்லை. சுவரோரம் ஒரு இரும்புக் கம்பி கிடந்தது. அதை ஓங்கினேன். உள்ளே அவள் வலக்கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினாள். படகில் வருஷக்கணக்காக நான் கண்டதும் பிரேக் அடித்த அதே கை. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஒரு கணம் நின்றுவிட்டேன்.

"உடைக்காதை," என்று இடுக்கு வழியாகக் குரல் வந்தது. "ரைடூன்ரை கார். புதுசு."

ரைடூன் ஸ்டைனாரின் மனைவி; கார் இருவருக்கும் பொது.

"உனக்கு விசரே? விலகு!"

"அடுத்த காரிலை கண்ணாடி தெறிக்கும்."

"தெறிக்கட்டும்! முகத்தை மூடு!"

மூன்றாவது அடியில் கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. அவளை அந்த ஓட்டையால் இழுத்தெடுத்தபோது மீன் ஆலையின் உறைபெட்டியில் நான் தூக்கும் உறைமீன் பாளம்போல விறைத்திருந்தாள். தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். வழியெல்லாம் ஏசினேன். ஏசாவிட்டால் அழுதிருப்பேன்.

ஊர்த் தாதி வந்து வெதுவெதுப்பான தண்ணீரில் அவள் கையை வைத்தாள். வெறுங்கையின் இரண்டு விரல் நுனிகள் வெள்ளையாகவே இருந்தன. அவற்றுக்கு இனி உயிர் திரும்பாது என்றாள். அதற்குள் ஸ்டைனார் மறுபடி அழைத்தான். ஆள் உயிரோடு இருக்கிறாள் என்றேன்.

"பின்கதவுப் பைக்குள்ளை விரிப்புக்குக் கீழை ஒரு கயிறு இருக்கு," என்றான். "இழுத்தா கதவு திறக்கும். நான் அவளுக்குச் சொல்லியிருக்க வேணும். பதினொரு மணிக்கு உனக்கு அடிச்சிருக்க வேணும்."

"ஓம்," என்றேன். 

குன்வோர் போர்வைக்குள் நடுங்கியபடி சொன்னாள்: "நானும் உடைச்சிருக்கலாம். இருக்கையின்ரை தலையணையைக் கழட்டினா ரெண்டு இரும்புக் கால் இருக்கு. மூண்டு தரம் ஓங்கினனான்."

"பிறகு?"

"ரைடூன் அந்தக் காரைத் துடைக்கிறது ஞாபகம் வந்தது. முப்பத்தொரு வருசம், யூஹான். ஒரு கீறல் இல்லை."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஐந்து மணி நேரம் தப்பும் வழியைக் கையில் வைத்துக்கொண்டு சாவுக்குக் காத்திருந்திருக்கிறாள்! அப்போது போனில் ரைடூனின் குரல் கேட்டது. கணவனிடமிருந்து பறித்திருக்க வேண்டும். குன்வோரின் காதோரம் பிடித்தேன்.

"முதல்லை மன்னிப்புக் கேக்கிறன்," என்று குன்வோர் தொடங்கினாள். "உன்ரை காரின்ரை கண்ணாடி…"

"வாயை மூடடி மடைச்சி!" அடுப்படி முழுக்கக் கேட்டது. ரைடூன் அழுதுகொண்டிருந்தாள். "அது வெறும் கார்! நீ செத்திருந்தா? அது வெறும் கார் குன்வோர்!"

ரைடூன் வைத்த பிறகும் குன்வோர் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கன்னத்தில் இறங்கியது. அந்தக் கையால் துடைக்க முடியாததால் நான் துடைத்துவிட்டேன்.

"அத்தனை வருசத்திலை," என்றாள், "அது வெறும் கார் எண்டு ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை."