ரோஸியின் வாய்க்கு ஏற்ற கடிவாளம்

போன வாரம் அரியாங்குப்பத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளை குதிரை ஏற வேண்டிய நேரத்தில், குதிரைக்காரி ஊர்வல கான்ட்ராக்டரின் கையை வலிக்கும்படி இழுத்துவிட்டாள். ஊரே பார்த்தது. அந்தக் குதிரைக்காரி வேறு யாருமில்லை, என் சித்தி மகள் தனம். ‘உங்க தங்கச்சி பண்ணது நியாயமா சார்?’ என்று அன்றிலிருந்து எனக்குப் போன் மேல் போன். நடந்ததைச் சொல்கிறேன். நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

தனம் நோணாங்குப்பத்தில் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள். பக்கத்துப் போட் ஹவுஸுக்குப் படகேற வருகிற கூட்டத்தைப் பார்த்து, ஒரு குதிரை இருந்தால் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றலாம், கல்யாணத்துக்கும் விடலாம் என்று கணக்குப் போட்டாள். வாங்கியும் விட்டாள். வெள்ளைக் குதிரை, பெண், சின்ன வயசு. பெயர் ரோஸி.

ரோஸியிடம் எல்லாம் சரி... வாய்தான் பிரச்சினை. சில குதிரைகளுக்கு வாய் ரொம்பவே மென்மையாம். கடிவாளத்தை லேசாகப் பிடித்தாலே தலையை உதறும். வாயைப் பிளக்கும். நாக்கைத் தூக்கி, வாய்க்குள் இருக்கிற கடிவாள இரும்புக்கு மேலே போட்டுக்கொள்ளும்.

விற்ற ஆளிடம் கேட்டால், திமிர், இன்னும் கெட்டியான கடிவாளமாகப் போடு என்றான். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு ஜீவன் வலிக்கிறது என்று சொல்கிறது — அதற்கு வைத்தியம் இன்னும் கொஞ்சம் வலியா?

தனம் முதலில் மாட்டு டாக்டரைக் கூட்டி வந்து வாயைக் காட்டினாள். உதட்டோரத்தில் பழைய புண். அது ஆறுகிற வரைக்கும் வாயில் எதையும் மாட்டாதே, அப்புறம் வழவழப்பான இரும்பாகப் பார்த்துப் போடு, மறுபடி புண்ணாகி மரத்துப்போனால் அந்த வாய் திரும்பக் கிடைக்காது என்றார் டாக்டர். புண் ஆறியதும் பாவாடை நாடாவால் ரோஸியின் வாய் அகலத்தை அளந்துகொண்டு என் ஸ்கூட்டரில் ஏறினாள். குதிரையேற்றம் சொல்லித் தருகிற ஒரு அம்மாவிடம் போனோம்.

அங்கேதான் எனக்குத் தெரிந்தது, எனக்கு ஒன்றுமே தெரியாது என்று. மெல்லிய கம்பிதான் வாய்க்கு இதம் என்று நினைத்து ஒன்றை எடுத்தேன். அந்த அம்மா சிரித்தார். மளிகை சாமானைத் தூக்கும்போது பையின் மெல்லிய காது விரலை அறுக்குமே, அதே கதைதானாம். அதற்காக ரொம்பத் தடிமனாகவும் போகக்கூடாது, சின்ன வாயில் நாக்குக்கு இடம் வேண்டாமா?

ஒவ்வொன்றாக என் முழங்கையின் கீழே சுற்றி வாரை இழுத்துக் காட்டினார். நடுவில் ஒரே ஒரு மூட்டு வைத்த இரும்பு, இழுத்ததும் மடங்கிச் சதையைக் கிள்ளியது. மூன்று துண்டாகக் கோத்த வழவழப்பான இரும்பு கிள்ளாமல் வளைந்து படிந்தது. தனம் அதையே கேட்டு வாங்கினாள்.

மறுநாள் மாட்டினோம். உதட்டோரத்தில் ஒரே ஒரு மடிப்பு விழுகிற அளவுக்கு வாரை இறுக்கினாள். ரோஸி கொஞ்ச நேரம் மென்று பார்த்தது. உதறவில்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு நடந்தது. தனத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், சொல்வதற்கென்ன?

அப்புறம்தான் இந்தக் கல்யாணம். சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் குடும்பம். மாப்பிள்ளைக்குப் பாரிஸில் வேலை. வீடியோ அங்கே இருக்கிற சொந்தக்காரர்களுக்குப் போக வேண்டும். அதனால் குதிரை நடந்தால் போதாது... ஆட வேண்டும்.

குதிரை எப்படி ஆடுகிறது தெரியுமா? பேண்டு சத்தத்துக்கு மயங்கி என்றுதான் நானும் இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். கான்ட்ராக்டர் ஒரு மஞ்சள் பையிலிருந்து எடுத்தார் பாருங்கள், முள் கடிவாளம். வாய்க்குள் போகிற பக்கமெல்லாம் முள். சட்டப்படி தடை செய்த சாமான். அதை மாட்டி வாரைச் சுண்டினால், நின்றாலும் குத்தும், நகர்ந்தாலும் குத்தும். காலை மாற்றி மாற்றித் தூக்காமல் என்ன செய்யும்? அதற்கு நாம் வைத்த பெயர் ஆட்டம்!

தனம் முடியாது என்றாள். மண்டபம் வரைக்கும்தானே, அரை மணி நேரத்தில் செத்தா போய்விடும் என்றார் கான்ட்ராக்டர். நான் வாயைத் திறப்பதற்குள் தனம் அந்த முள் கடிவாளத்தை வாங்கி, அவர் கையிலேயே சுற்றி, ஒரு சுண்டு சுண்டினாள். மனுஷன் அலறிக் கையை உதறினார். முழங்கையின் கீழே சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள்.

“உங்களுக்கு வலிச்சிது, கையை இழுத்துக்கினீங்க. அது வாயை எங்க கொண்டுபோய் வெச்சிக்கும்?” என்றாள் தனம்.

அவ்வளவுதான் கேட்டாள். அதற்குத்தான் எனக்கு இத்தனை போன்.

கடைசியில் ரோஸி தன் கடிவாளத்தோடுதான் போனது. பேண்டு முழங்க, கூட்டம் நெருக்க, மாப்பிள்ளையைக் குலுங்காமல் மண்டபத்தில் கொண்டுபோய் இறக்கியது. பாராட்டினார்களா? மாடு மாதிரி நடக்குது, இதுக்கு ஆட்டோவுலயே வந்திருக்கலாம் என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா. தனத்துக்கு வர வேண்டிய முகூர்த்தங்களை எல்லாம் கான்ட்ராக்டர் வேறு ஆளுக்கு மாற்றிவிட்டார். தனம் அசரவில்லை. போனா போவட்டும்ணே, பால் இருக்குது, பிள்ளைங்க சவாரி இருக்குது என்கிறாள்.

நேற்று கான்ட்ராக்டர் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். இதுதான் சார் குதிரை, உங்க தங்கச்சிகிட்ட காட்டுங்க என்று கீழே ஒரு வரி. வேறு கல்யாணம், வேறு வெள்ளைக் குதிரை. ஆடுகிறது. சுற்றிலும் விசில், கைதட்டல். குதிரை கனைத்த சத்தம் கேட்காதபடி மேலே ஒரு பாட்டைச் சேர்த்திருக்கிறார்கள். வாயோரத்தில் நுரை மட்டும் தெரிகிறது — அந்த நுரை வெள்ளையாக இல்லை.

உங்கள் தெருவில் அடுத்த முறை குதிரை ஆடினால், கைதட்டுவதற்கு முன்னால் அதன் வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.