மழைக்கால எலிகளும் கோமதியும்

கரியாஹாட் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது தபன் கூப்பிட்டார். எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர். "கோமதி-தி ஆர் நேய், சேகர்தா" என்றார் வங்காளத்தில். கோமதி இனி இல்லை. காலையில் ஜாதவ்பூர் வீட்டில், வெளியே கிளம்பச் செருப்பு மாட்டக் குனிந்தவள் எழவில்லையாம். பையைக் கடையிலேயே விட்டுவிட்டு நடந்தேன். எந்தப் பக்கம் நடந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

பல வருஷங்களாக அவள் எனக்குப் பக்கத்து மேசை. எலிகள் எந்தப் பருவத்தில் எதைத் தின்கின்றன என்று பார்ப்பதுதான் எங்கள் இருவருக்கும் வேலை. ஹவுராவில் லோக்கல் ரயில் பிடித்துப் போய், நெல் வயலிலும் அதையொட்டிய புல்வெளியிலும் எலிப் புழுக்கைகளைச் சேகரித்து வந்து நுண்ணோக்கியில் வைப்போம். எலி தின்றதை அதிலிருக்கும் துணுக்குகள் சொல்லிவிடும்.

போன வருஷ அறிக்கையை நான் எழுதினேன். கையில் இருந்தவை அறுவடைக்கால மாதிரிகள் மட்டும். மழையில் நான் போகவில்லை. ஆனாலும் புல்வெளி எலிகளுக்கு ஆண்டு முழுக்க நெல்லே முக்கிய உணவு என்று எழுதிவிட்டேன். அதை நம்பி, அடுத்த வருஷ மழையில் புல்வெளியெங்கும் விஷம் வைப்பதென்று வேளாண் அதிகாரிகள் ஒரு கூட்டத்தில் முடிவெடுத்தார்கள். கோமதி எழுந்தாள். அறிக்கை அரைகுறை, தன் பெயரும் அதில் இருப்பதால் தானே சொல்வதாக எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

வெளியே வந்ததும் கத்தினேன். "என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேனே, ரெண்டு தடவ. நீ பாத்தது அறுவடை மாச வயிறு, சேகர். ஆடி மாச வயித்த நீ பாக்கவே இல்ல."

அவளோடு பேச்சை நிறுத்தினேன். அந்த மழை முழுக்க அவள் முழங்கால் சேற்றில் தனியாகப் போய்வந்தாள். விஷம் வைத்தால் தன் வாத்துகள் என்னாகும் என்று அந்த ஊர்ப் பெண் ஒருத்தி கோமதி போகும்போதெல்லாம் கேட்டாளாம். தபன்தான் சொன்னார்.

இந்த வருஷம், வெயில் ஏறத் தொடங்கிய ஒரு மதியம், அந்த மழை மாதிரிகளின் கண்ணாடித் தகடுகளை என் மேசைமேல் வைத்தாள்.

"பாரு. அப்புறம் சண்ட போடு."

நுண்ணோக்கியில் பார்த்தேன். புல் விதை, வேர், பூச்சியின் சிறகுத் துண்டு. நெல் உமி ஒன்றுகூட இல்லை.

"திருத்திடறேன்" என்றேன்.

"எப்போ?"

"பாக்கலாம்."

வறட்டுக் கௌரவம். அவள் தகடுகளை எடுத்துக்கொண்டு போனாள். மூன்று வாரம் ஓடிவிட்டது. அதற்குப் பிறகுதான் தபனின் அழைப்பு.

தகனத்துக்கு மறுநாள் திருத்திய அறிக்கையை அனுப்பினேன். அவள் பெயரை முதலில் போட்டேன். பிழை என்னுடையது என்றும் எழுதினேன். இந்த மழைக்கு விஷம் வைக்கவில்லை. அடுத்த மழைக்கு என்ன சொல்வார்களோ, தெரியாது. கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அவளை நினைத்து இங்கே கூடியிருக்கும் நீங்கள் ஒவ்வொருவரும் அவளிடமிருந்து ஒன்றை வைத்திருப்பீர்கள். எனக்கு மிஞ்சியது ஒரு பதைப்பு. தவறு என்று தெரிந்தபின் கை சும்மா இருக்க மறுக்கிறது. போன வாரம் என் பழைய அறிக்கைகளை எடுத்துப் படித்தேன். இன்னும் இரண்டில் மழைக்கால மாதிரிகளே இல்லை. உரியவர்களுக்கு எழுதிவிட்டேன், அன்றைக்கே.