கிணற்றில் பாதி

முஸ்லிம் கலியாண வழக்குகளைத் தீர்க்கும் காதியார் பைறூஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவரிடம் கலியாணப் பிரிவு கேட்டு வருகிறவர்கள் வாசலிலேயே சத்தம் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். நௌஷாட்டும் ஹுஸ்னியாவும் ஒரே ஓட்டோவில் வந்திறங்கி, அவர் காட்டிய கதிரைகளில் பேசாமல் இருந்தார்கள். நௌஷாட்டின் மூத்த சகோதரர் வஸீர் மட்டும் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார்.

"அடிச்சவரா?" என்று காதியார் கேட்டார்.

"இல்லை," என்றாள் ஹுஸ்னியா.

"வேற கலியாணம் ஏதும்?"

"இல்லை ஹஸரத்," என்றான் நௌஷாட்.

"அப்ப என்னதான் பிரச்சினை?"

ஹுஸ்னியா முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு சொன்னாள். "இவர் நல்ல மனுசன். ஆனா இவர் ஆரெண்டு எனக்குத் தெரியாது. நான் ஆரெண்டு இவருக்கும் தெரியாது."

நௌஷாட் மறுக்கவில்லை. புத்தளத்து அகதி முகாமில் கலியாணம் முடித்த கையோடு கட்டாருக்குப் போனவன் அவன். அங்கே தண்ணீர்த் தொட்டி பூட்டிய பவுசர் லொறி ஓட்டினான். யுத்தம் முடிந்து சனம் சொந்த ஊரான சிலாவத்துறைக்குத் திரும்பியபோது ஹுஸ்னியா தனியாகத்தான் திரும்பினாள். அவன் காசு அனுப்பினான். அவள் காடாகிக் கிடந்த அவன் காணியில் வீடு கட்டினாள். லீவில் வரும்போதெல்லாம் விருந்தாளியைப் போல வந்து போனான். பிள்ளை இல்லை. ஒரேயடியாக ஊருக்கு வந்து ஒரு பவுசர் வாங்கி, குடிதண்ணீர் இல்லாத ஊர்களுக்குத் தண்ணீர் விற்கத் தொடங்கிய பிறகுதான், ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் இந்தப் பெண்ணோடு பேசத் தனக்கு ஒரு வார்த்தையும் இல்லை என்று கண்டான். அவளுக்கும் அப்படித்தான். இருவர் சம்மதத்தோடு பிரிவதென்று முடிவு செய்தார்கள்.

"பிரிச்சு விடுறது என்ர வேலை," என்றார் காதியார். "மாப்பிள்ளை குடுக்கிற மஹரும் பொம்பளை வீட்டார் குடுத்த கைக்கூலியும் நான் பேசலாம். காணி, வீடு, வாகனம் என்ர கையில இல்லை. அதுக்குக் கோட்டுக்குப் போகவேணும். போனா ரெண்டு பேருக்கும் தலை நரைச்சிடும்."

வஸீர் உள்ளே வந்தார். "இதில என்ன கதை இருக்கு? காணி வாப்பா தம்பிக்குக் குடுத்தது. காசு தம்பிட. அவ சமைச்சுச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தவ. நாலு நகையக் குடுத்து அனுப்பினாச் சரி."

காதியார் நௌஷாட்டிடம் திரும்பினார்.

"நீங்க பங்கு வையுங்கோ. ரெண்டு பங்கு. எது வேணுமோ அதை அவ எடுக்கட்டும். மிச்சம் உங்களுக்கு. இதுக்குச் சம்மதமா?"

சுலபமான வேலை என்று நினைத்து நௌஷாட் ஓம் என்றான்.

வெளியே வந்ததும் வஸீர் அவன் காதில் சொன்னார்: "பவுசரையும் கிணத்தையும் ஒரு பக்கம் போடு. வீட்ட மற்றப் பக்கம் போடு. பொம்பளை வீட்டத்தான் எடுப்பா. கிணறு இல்லாட்டி உன்ர பவுசர் வெறும் தகரம்."

நியாயமான பேச்சாகத்தான் பட்டது. அவன் விற்ற தண்ணீர் முழுக்க வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். அந்தக் கரையில் எங்கே தோண்டினாலும் உப்புக் கரிக்கும். அவன் வளவில் மட்டும் இனித்தது. தன் அதிர்ஷ்டம் என்றே அதுவரை எண்ணியிருந்தான்.

மறுநாள் காலை கயிறும் முளைகளும் எடுத்துக்கொண்டு காணிக்குள் இறங்கினான். கயிற்றின் மறுநுனியைப் பிடிக்கப் பக்கத்து ஊரான அரிப்பிலிருந்து மரியதாஸைக் கூப்பிட்டிருந்தான். கிணறு வெட்டுகிற மனிதர். வளவின் எல்லைகளெல்லாம் அவருக்குத் தெரியும்.

கிணற்றடியில் முளை அடிக்கப் போன இடத்தில் மண் பொதபொதவென்று இறங்கியது.

"அதில நிக்காது தம்பி. அது முதல் கிணறு," என்றார் மரியதாஸ்.

"முதல் கிணறா?"

"ஓம். அங்கால முருங்கை நிக்கிற இடம் ரெண்டாவது. ரெண்டும் உப்பு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. தொலைபேசியில் அவள் சொன்னது, 'கிணறு வெட்டியாச்சு, தண்ணி நல்லம்' என்பது மட்டும்தான்.

மரியதாஸ் வரம்பில் குந்தினார். "ரெண்டு குழியையும் ஹுஸ்னியா தங்கச்சி தனியத்தான் கடகத்தால மண் அள்ளித் தூர்த்தவ. ஊர்ப் பிள்ளையள் விழுந்திடுமெண்டு பயம். கூலிக்கு ஆள் வைக்கச் சொன்னனான். 'அவர் வெயிலுக்க நிண்டு அனுப்புற காசை, குழி மூட எடுக்க மாட்டன்' எண்டுட்டா."

நௌஷாட்டின் கையில் கயிறு தொய்ந்தது.

"மூண்டாவதில பாறை வந்திட்டுது. அலவாங்குக் கம்பி தெறிக்குது. நான் ஏலாதெண்டு ஏறிட்டன். தங்கச்சி சேலையத் தூக்கிச் செருகிக்கொண்டு தானே இறங்கினா. நான் கத்துறன், கேக்கேல்லை. அடியில இருந்து ஒரு பிடி ஈரக் களிமண்ணை எடுத்து வாயில வச்சா. வச்சிட்டு மேல பாத்து, 'மரியதாஸ் அண்ணன், இனிக்குது, இறங்குங்கோ' எண்டா. எத்தினை கிணறு வெட்டினனான், அப்பிடி ஒரு மனுசியக் காணேல்லை. நான் திரும்ப இறங்கினன்."

நௌஷாட் கிணற்றுக் கட்டில் கைவைத்துக் குனிந்து பார்த்தான். ஆழத்தில் தண்ணீர் கரும்பச்சையாய், அசைவில்லாமல் கிடந்தது. பாறையில் அலவாங்கு போன தழும்புகள் தண்ணீர் மட்டம்வரை தெரிந்தன. எத்தனை தடவை இதற்குள் பம்பைப் போட்டு இறைத்திருப்பான். ஒருநாளும் இப்படிக் குனிந்து பார்த்ததில்லை. பள்ளிவாசலுக்குள் நுழையும்போது வருகிற ஒரு ஒடுக்கம் உடம்பில் வந்தது.

அதன்பிறகு அவன் காணியை அளக்கவில்லை, பார்த்தான். கடற்காற்றுக்கு எதிராக அவள் வேலியோரம் நெருக்கி நட்ட பூவரசுகளைப் பார்த்தான். யானை பிடுங்கியெறிந்ததாக மரியதாஸ் சொன்ன தென்னையின் இடத்திலேயே அவள் மறுபடி நட்டு வளர்த்த தென்னையைப் பார்த்தான். மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வராமல் திரும்பி ஓடக் கல் அடுக்கிய வாய்க்காலைப் பார்த்தான். எங்கே கயிறு பிடித்தாலும் அது அவள் கை பட்ட ஒன்றுக்கு மேலாகவே போனது. முளைகளை அடித்தான், பிடுங்கினான், வேறு இடத்தில் அடித்தான். வெயில் ஏறியதும் மரியதாஸ் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். நௌஷாட் தனியே தொடர்ந்தான்.

பங்கு வைத்துவிட்டேன் என்று அவன் சொல்லியனுப்பியதும் காதியார் வந்தார். வஸீரும் வந்தார். வீடு, கிணறு, முன்வளவு முழுக்க ஒரு பங்கு. பவுசர், பின்னாலிருந்த பற்றைக்காடு, வங்கியில் கிடந்த காசு மற்றப் பங்கு.

"உனக்கு மூளை பிசகிட்டுதா?" என்று வஸீர் கேட்டார். "கிணத்த ஏன்டா அங்கால போட்டாய்?"

"கிணறு அவட, நானா. நான் எப்பிடிப் பிரிச்சாலும் அது அவடதான்," என்றான் நௌஷாட் அண்ணனிடம்.

ஹுஸ்னியா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். முளைகளைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு வந்தாள்.

"இது சரியில்லை," என்றாள்.

காதியார் புருவத்தை உயர்த்தினார். "குறைவோ?"

"கூடிப்போச்சு. இவர்ட உழைப்பை இவர் கணக்கில சேர்க்கேல்லை." நௌஷாட்டிடம் திரும்பினாள். "கட்டார்ல எப்பிடி இருந்தீங்க? ஒருநாளும் சொன்னதில்லையே."

அவன் தயங்கினான். பிறகு சொன்னான். பாலைவனத்தில் வேலை நடக்கிற இடங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோவது. வண்டிக் கதவின் பிடியைத் தொட்டால் தோல் உரியும். ஒருமுறை மணற்காற்றில் பாதை தெரியாமல் நின்றுவிட்டான். பின்னால் ஒரு குளத்தளவு தண்ணீர். ஆனால் தொட்டியின் வால்வு இறுகித் திறக்க முடியவில்லை. தாகத்தில் மயங்கிக் கிடந்தவனை மறுநாள் தேடி வந்து எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்தபடிதான் அந்த மாதக் காசை நண்பன் மூலம் அனுப்பியிருக்கிறான்.

"எந்த வருசம்?" என்று கேட்டாள்.

சொன்னான்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "கிணத்துக்குக் கட்டுக் கட்டின காசு அது."

வேலிக்கு அப்பால் ஒரு மாடு கத்தியது. இத்தனை வருடம் ஒருவரையொருவர் தெரியாமலிருந்த இரண்டு பேர், பிரிகிற இடத்தில் நின்று முதல்முறையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காதியார் மெதுவாகக் கேட்டார்: "அப்ப, பிரிவை ஒத்திவைப்பமா?"

ஹுஸ்னியா யோசித்தாள். நௌஷாட்டும் யோசித்தான்.

"வேண்டாம் ஹஸரத்," என்றாள். "இப்ப இவர மதிக்கிறன். அது வேற, குடும்பம் நடத்துறது வேற."

நௌஷாட் தலையசைத்தான். அவனுக்கும் அதுதான் உண்மையாகப் பட்டது. வலித்தது, பொய்யாக இருக்கவில்லை.

பிறகு அவளே குனிந்து முளையைப் பிடுங்கினாள். கயிற்றை இழுத்துப் போய்க் கிணற்றின் நடுவால் விட்டாள். ஊரில் பங்குக் கிணறுகளுக்கு வேலி அப்படித்தான் போகும். இருபக்கத்தாரும் அவரவர் பக்கமிருந்து அள்ளுவார்கள். வீடும் தென்னைகளும் அவளுக்கு. பின்வளவும் பவுசரும் வங்கிக் காசும் அவனுக்கு. கிணறு பாதிப் பாதி.

"தண்ணிய மறிக்கிறது மார்க்கத்தில ஹறாம்," என்றாள் வஸீரைப் பார்த்து. "ஊர்ச்சனமும் குடிக்கவேணும்."

சர்வேயர் வந்து அளந்து வரைபடம் கீறினார். காணி உறுதிப் பத்திரம் எழுத மன்னாரில் ஒரு நொத்தாரிசிடம் போனார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்க வாசித்தார்: கிணற்றிலும், அதற்குப் போகும் பாதையிலும், வாய்க்காலிலும் சரிபாதிப் பங்கு. பிறகு தாளை ஹுஸ்னியாவின் பக்கம் திருப்பினார்.

அவர்களுடைய கலியாணப் பதிவில் நௌஷாட் கையெழுத்து வைத்தான், அவளுடைய வாப்பா வைத்தார், பதிவுகாரர் வைத்தார். மணப்பெண்ணிடம் அன்று யாரும் பேனா கொடுக்கவில்லை, அது வழக்கமுமில்லை. இன்று அவள் பேனாவை வாங்கி, அவசரப்படாமல், தன் பெயரை முழுதாக எழுதினாள். சாய்வில்லாத, உருண்ட எழுத்து. நௌஷாட் இன்றுதான் அதைக் காண்கிறான். மை காயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதற்குக் கீழே தன் பெயரை எழுதினான்.