கசியாத தொட்டி

கீரனூரிலிருந்து கோட்டைப்பட்டினம் வரை நான் கட்டிய தண்ணீர்த் தொட்டிகளை எண்ணிச் சொன்னால் பத்திரிகையில் இடம் போதாது. வீட்டு மாடித் தொட்டி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி, ரைஸ் மில்லில் நெல் ஊறப் போடும் தொட்டி, கோட்டைப்பட்டினத்தில் மீன் அலசும் தொட்டி என்று எல்லாம் கட்டியிருக்கிறேன். உப்புக் காற்றில் சிமெண்டு நிற்காது என்று இஞ்சினியர் சொன்ன இடத்தில் நான் கட்டியது இன்றும் நிற்கிறது. படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதி. பன்னிரண்டு வயதில் கல் சுமந்தேன், முப்பது வயதில் எனக்குக் கீழே பத்துப் பேர் வேலை பார்த்தார்கள். யாரும் கை தூக்கிவிடவில்லை. ‘தொட்டி மேஸ்திரி’ என்றால் பஸ் கண்டக்டர்கூட என் வீட்டு வாசலில் நிறுத்துவார். நான் கட்டிய தொட்டி ஒன்றுகூடக் கசிந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமையாகவே இருந்தாலும் உண்மை உண்மைதான்.

அப்படிப்பட்ட எனக்கு மூன்று வருடத்துக்கு முன்பு, எங்கள் ஊருக்கு அடுத்த ஊர் மாதா கோயிலில் ஒன்று நடந்தது. ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம். நான் அந்தச் சபை இல்லை, எங்கள் குலசாமி வேறு. ஆனால் வேலைக்கு எந்தச் சாமி கோயிலாக இருந்தால் என்ன?

அந்தக் கோயிலின் உபதேசியார் என்னைத் தேடி வந்தார். கோயிலைத் திறந்து, மணி அடித்து, பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுப்பவர். கோயிலை ஒட்டிய ஓர் அறையில்தான் அவரும் மனைவியும் குடியிருந்தார்கள்.

“மேஸ்திரி, கோயிலுக்குள்ள ஒரு தொட்டி கட்டணுங்க. பாவசங்கீர்த்தனத் தொட்டி. பழசு மரத்துல இருந்துச்சு, கறையான் அரிச்சுப் போச்சு. செங்கல்லுலயே கட்டிரலாம்னு சாமி சொல்லிட்டாரு.”

சாமி என்றால் அந்தக் கோயில் பாதிரியார். எனக்குப் ‘பாவம்’ புரிந்தது, ‘தொட்டி’ புரிந்தது. நடுவில் உள்ளது புரியவில்லை. கேட்டால் கௌரவம் குறைந்துவிடும் இல்லையா?

“எம்புட்டுக் கொள்ளணும்?” என்று மட்டும் கேட்டேன்.

“ஒரு ஆள் உள்ள உக்கார்ற அளவு போதுங்க. எல்லாம் இந்தச் சீட்டுல இருக்கு, சாமியே எழுதிக் குடுத்தாரு. அவரு வருசத் தியானத்துக்குப் போறாரு. எட்டு நாளு மௌனம், போன் எடுக்க மாட்டாரு. எனக்கும் மகளுக்குப் பிரசவம், திருச்சிக்குப் போறேன். சந்தேகம்னா சீட்டப் பாத்துக்கங்க.”

சீட்டை வாங்கிப் பார்த்தேன். எழுத்துகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. “கண்ணாடி எடுத்தாரல, வீட்ல போயிப் பாத்துக்கறேன்” என்றேன். நாற்பது வருடமாக இந்த ஒரு வார்த்தைதான் என்னைக் காப்பாற்றியது. என் கண்ணுக்கு இன்றுவரை கண்ணாடி தேவைப்பட்டதே இல்லை.

சீட்டில் ஒரு படமும் இருந்தது. ஒரு பெட்டி, பக்கவாட்டில் ஒரு ஓட்டை, கீழே ஒரு படி. படம் போதுமே எனக்கு. கிறிஸ்தவர்கள் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பது எனக்குத் தெரியும். ஆள் உள்ளே உட்கார்ந்து முங்கி எழுந்தால் பாவம் போகும் போலிருக்கிறது, அந்த ஓட்டை தண்ணீர் வழிவதற்கு, படி ஏறி இறங்குவதற்கு என்று முடிவு கட்டினேன். சீட்டை மடித்து டவுசர் பையில் வைத்தேன்.

ஐந்து நாளில் முடித்தேன். கோயில் மூலையில் நாலடி உயரச் சுவர். உள்ளே ஒரு மூலைகூட இல்லாமல் உருட்டிப் பூசி, அடியில் சாய்வு கொடுத்து, பித்தளைக் குழாய் ஒன்றும் வைத்தேன். வழக்கம்போல் தண்ணீர் நிரப்பி, தண்ணீர் மட்டத்தில் கரிக்கோடு போட்டேன். ஒரு நாள் கழித்துப் பார்த்தால் கோடு அப்படியே நின்றது. என் கையை நானே முத்தமிடலாம் போல இருந்தது.

சாமி திரும்பி வந்தார். தொட்டியைப் பார்த்தார். கையை உள்ளே விட்டுத் தண்ணீரை அளைந்தார்.

“மேஸ்திரி, இதுக்குள்ள நான் மணிக்கணக்கா உக்காந்தா சளி புடிச்சிருமே.”

அப்புறம்தான் விளக்கினார். அது தண்ணீர்த் தொட்டி இல்லை. அவர் உள்ளே உட்காருவார். ஜனங்கள் வெளியே அந்தப் படியில் முழங்கால் போட்டு, ஓட்டை வழியாகத் தங்கள் குற்றங்களைச் சொல்வார்கள். அவர் கேட்டு, கடவுள் பேரால் மன்னிப்புச் சொல்லி அனுப்புவார். அதற்குத்தான் அவர்கள் ‘தொட்டி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்! பெயர் வைத்தவனை அல்லவா பிடிக்க வேண்டும்?

சாமி சிரித்தார். கோயில் பெரியவர்கள் சிரிக்கவில்லை. ஈஸ்டருக்கு முந்திய பெரிய வாரம் நெருங்குகிறது, ஊரே பாவசங்கீர்த்தனத்துக்கு வரும். திருச்சியிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய உபதேசியாரைச் சுற்றி நின்றார்கள்.

“ஒங்கள நம்பித்தானேய்யா சாமி விட்டுட்டுப் போனாரு? கோயிலுக்குள்ள குளிக்கிற தொட்டி கட்டுற வரைக்கும் என்னய்யா செஞ்சீங்க?”

“சீட்டக் குடுத்தேனேங்க” என்றார் அவர்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: “சீட்டா? எனக்கு யாரும் ஒரு சீட்டும் குடுக்கல. தொட்டின்னாரு, கட்டுனேன்.”

உபதேசியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். இடுப்பில் தொங்கிய கோயில் சாவிக்கொத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கூடி, அவரை நிறுத்திவிட்டு வேறு ஆள் போடுவது என்று பேச்சு வந்தது. வேலை போனால் அந்த அறையும் போகும்.

“தப்பு என்னுது. நான் நேர்ல நின்னு சொல்லியிருக்கணும்” என்றார் சாமி.

“நீங்க எல்லாத்துக்கும் இப்புடித்தான் சொல்வீங்க சாமி” என்று பெரியவர்கள் தள்ளிவிட்டார்கள்.

எனக்கு அதுதான் விளங்கவில்லை. செய்யாத தப்பை ஒரு மனிதன் ஏன் இழுத்துத் தன் மேல் போட்டுக்கொள்ள வேண்டும்? அதில் அவருக்கு என்ன லாபம்? தொட்டியைத் திருத்தும் வேலையை நானே தனி ஆளாக எடுத்துக்கொண்டேன். வேலையைப் பார்த்த மாதிரி அவரையும் பார்த்தேன்.

விடிவதற்குள் எழுந்து ஒரு சின்னப் புத்தகத்தோடு பீடத்துக்கு முன்னால் உட்காருவார். துணியை அவரே துவைப்பார். மொபெட்டில் ஐந்து ஊர்களுக்குப் போய் வருவார். மதியம் சாப்பிடும் முன் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, கண்ணை மூடி எதையோ யோசிப்பார். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், மூன்றாம் நாள் கேட்டுவிட்டேன்.

“என்ன சாமி, தூக்கமா?”

“இல்ல மேஸ்திரி. காலைலேருந்து எங்கெங்க தப்புப் பண்ணுனேன்னு பாக்குறேன்.”

“தெனமுமா?”

“தெனமும்.”

“தெனமும் கெடைக்குதா?”

“தேடவே வேணாம், அதுவா வந்து நிக்கும். காலைல ஒரு அம்மா பேசிக்கிட்டு இருக்கும்போதே வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டேன்.”

இதெல்லாம் ஒரு தப்பா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நான் தொட்டிக்குக் கரிக்கோடு போட்டுப் பார்ப்பதை, இந்த மனிதர் தனக்கே தினமும் போட்டுப் பார்க்கிறார் என்பது மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் எனக்கு ஒரு நாளாவது போட்டிருக்கிறேனா?

சனிக்கிழமை வேலை முடிந்தது. ஒரு பக்கச் சுவரை வெட்டி வாசலாக்கி, மற்ற சுவர்களை உயர்த்தி, தண்ணீர் வழிய வைத்த ஓட்டையைப் பெரிதாக்கி வலை அடித்துவிட்டேன். சாமி உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“மேஸ்திரி, அங்கிட்டுப் போயி முட்டி போட்டு ஏதாச்சும் சொல்லுங்க. சத்தம் கேக்குதான்னு பாப்போம்.”

முழங்கால் போட்டேன். “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்றேன்.

“இம்புட்டுச் சத்தமா இங்க யாரும் சொல்ல மாட்டாங்க. மெதுவாச் சொல்லுங்க.”

குரலைத் தாழ்த்தினேன். நான்கு, ஐந்து என்றுதான் சொல்ல வாய் திறந்தேன். வந்தது வேறு.

“சீட்டு எங்கிட்டதான் இருக்கு சாமி. எனக்குப் படிக்கத் தெரியாது.”

உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது.

“இப்ப நல்லாக் கேக்குதுங்க மேஸ்திரி” என்றார்.

“அப்ப நீங்களே நாளைக்குப் பெரியவங்ககிட்டச் சொல்லிருங்க” என்றேன்.

“நான் சொல்ல முடியாதுங்க. நீங்க எங்க சபை இல்ல, இது பாவசங்கீர்த்தனமும் இல்லதான். ஆனா இதுக்குள்ள உக்காந்து கேட்டத நான் வெளிய விட்டா, அப்புறம் யாரு இங்க வந்து முட்டி போடுவா? கசியாத தொட்டியில்ல கட்டியிருக்கீங்க.”

என் வார்த்தையை எடுத்து என்னையே கட்டிவிட்டார். உபதேசியாரின் வீடும் பிழைப்பும் இப்போது என் வாயில் இருந்தன, அதை வேறு யாராலும் திறக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் கூடிய இடத்துக்குப் போனேன். உபதேசியார் கதவோரம் நின்றார். கையில் கோயில் சாவிக்கொத்து, ஒப்படைப்பதற்குத் தயாராக. நான் டவுசர் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினேன். ஏன் அதைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியாது.

“இவரு சீட்டக் குடுத்தாரு. நாந்தான் படிக்கல. படிக்கத் தெரியாது. அன்னைக்குச் சொன்னது பொய்யி.”

அறுபத்தெட்டு வயதில் அந்த வார்த்தைகளை முதல் தடவையாகச் சொன்னேன். ஒரு பெரியவர் சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். இன்னொருவர் பின்னாலிருந்து, “பரவாயில்ல மேஸ்திரி, கோடையில தண்ணி இல்லன்னா இங்கிட்டு வந்து மொண்டுக்கிறோம்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சாவிக்கொத்து உபதேசியார் இடுப்புக்கே திரும்பிப் போனது.

வெளியே வந்ததும் அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாகப் போயிருக்கும். “மொதல்லயே சொல்லியிருந்தா நானே படிச்சுக் காட்டியிருப்பேனேங்க” என்றார். அவ்வளவுதான்.

அந்தச் சாமிக்கு இப்போது வேறு ஊருக்கு மாற்றல் ஆகிவிட்டது. பித்தளைக் குழாயை மட்டும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். முழங்கால் போட்டுத் தலை குனிகிறவர்கள் கண்ணில் இன்றும் அது படுகிறது.

போன வருடம் கோயிலில் பெயர் வெட்டிய கல் பதித்தார்கள். மந்திரித்து வைத்த பிஷப் பெயர், பங்குச்சாமி பெயர், உதவி செய்த குடும்பங்களின் பெயர் எல்லாம் இருக்கிறதாம். என் பெயர் இல்லையாம். படித்துச் சொன்னவர் உபதேசியார். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவரும் அவர்தான். அவரைப் பற்றி வரும் இடத்தில் பேனா நின்றது, ஒரு வார்த்தை மாறக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

கோயில்காரர்களுக்கு இந்தப் பத்திரிகை வழியாகக் கேட்கிறேன். என் பங்கை அந்தக் கல்லில் வெட்டியே ஆக வேண்டும். சொந்தப் பெயர் வேண்டாம், ‘தொட்டி மேஸ்திரி’ போதும், ஊருக்குத் தெரியும். ஆனால் ‘கட்டியவர்’ என்று மட்டும் போட்டு முடித்துவிடக் கூடாது, ‘தப்பாகக் கட்டி, ஒப்புக்கொண்டு, திருத்திக் கட்டியவர்’ என்று முழுசாக வர வேண்டும். ஏனென்றால் நான் கட்டிய அத்தனை தொட்டிகளிலும், என்னையே நிரப்பிக் கோடு போட்டுப் பார்த்தது அந்த ஒன்று மட்டும்தான்.