சொந்தக் கிணற்று நீரில் எழுந்த சுவர்

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், மரக்காணத்தில் பழைய வீடுகளைப் பழுதுபார்த்துப் புதுப்பிக்கும் மேஸ்திரி ஒருவரிடம் அளவெடுத்து எழுதும் வேலையில் இருந்தேன். ஆரோவில் பக்கத்து வெள்ளைக்காரர்கள் "வெப்சைட் இருக்கா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். எங்களில் டைப்பிங் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் அதற்கு எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்பது அடக்கத்துக்காகச் சொல்வது. நானேதான் தலையை நீட்டினேன்.

புதுச்சேரி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நான் அடித்துத் தள்ளியதைப் படித்தால், தஞ்சாவூர்க் கோபுரத்துக்குப் பட்டி பார்த்ததே நாங்கள்தான் என்று நினைப்பீர்கள். அதில் ஒரு வரி எனக்குச் செல்லப்பிள்ளை: 'கலவைக்கு எங்கள் சொந்தக் கிணற்று நீரை மட்டுமே பயன்படுத்துகிறோம்.'

நான் கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஊரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் ஊரில் சொந்தக் கிணறு இருந்தால் பெண்ணே கொடுப்பார்கள். மரக்காணத்திலோ கடலோர உப்புக் கிணற்று நீரில் சிமெண்ட் கலந்தால், சுவர் உப்புப் பூத்துப் பூச்சு பொலபொலவென்று உதிரும். அதற்காகவே மேஸ்திரி மேற்கிலிருந்து டிராக்டர் டேங்கரில் நல்ல தண்ணீர் வரவழைப்பார். தினமும் கண்ணால் பார்த்ததுதான். எழுதும்போது மட்டும் கை ஊருக்குப் போய்விட்டது.

பெரிய முதலியார்சாவடியில் பழைய வீடு வாங்கியிருந்த சென்னை அம்மா ஒருவர், அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு நேராக மேஸ்திரி வீட்டுக்கே வந்துவிட்டார். வீடு முழுக்கப் பூச்சை உரித்துத் திரும்பப் பூச வேண்டும். அந்த வருஷம் நாங்கள் நம்பியிருந்த பெரிய வேலை அது ஒன்றுதான்.

"எங்கப்பா உப்பளம் வெச்சிருந்தவருங்க. கெணத்துத் தண்ணியில பூசுனா என்ன ஆவும்னு எனக்குத் தெரியாதா? அதைப் பெருமையா வேற போட்டிருக்கீங்க!"

மேஸ்திரி தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கூரையில் பல்லி தேடினேன்.

"நம்ம தண்ணி எங்கேர்ந்துப்பா வருது?"

"டேங்கர்ல வருதுங்க மேஸ்திரி."

"அப்ப இது எவன் வீட்டுக் கெணறு?"

"எங்க ஊரு கெணறுங்க."

வாசலில் சாரக் கயிறு சுற்றிக்கொண்டிருந்த கொத்தனார் வெடித்துச் சிரித்தார். "ஏம்பா, அங்கேர்ந்து நீயா தூக்கினு வர்ற?"

வேலை போனது, கூடவே நானும் போனேன் என்று முடிவு கட்டிவிட்டேன். மேஸ்திரி ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று பார்த்தால், அந்த அம்மாவைக் கொல்லைப்புறம் அழைத்துப்போனார். அங்கே மேஸ்திரி வீட்டுச் சமையலறைச் சுவர் இடுப்பு உயரத்துக்கு வெள்ளை பூத்து, சொறி பிடித்த மாதிரி நின்றது.

"எங்க கெணத்துத் தண்ணியில கட்டுனது இதாங்க. தெரியாத வயசுல பண்ணிட்டேன். திரும்ப அந்தப் புத்தி வரக்கூடாதுன்னு அப்படியே உட்டு வெச்சிருக்கேன். இப்பல்லாம் டேங்கர் வந்ததும் வீட்டுக்காரங்க ஒரு வாய் குடிச்சுப் பாத்து சரின்னு சொன்னாதான் கலக்குவோம்."

அந்த அம்மா சுவரைச் சுரண்டி விரலை நாக்கில் வைத்தார். உப்பளத்துக்காரர் மகளாயிற்றே!

"நல்ல உப்புதான்," என்று சிரித்தார். "திங்கக்கெழமை ஆரம்பிங்க. தண்ணி வந்ததும் கூப்பிடுங்க, குடிக்கணும்."

நான் வாசலுக்கு ஓடி வந்து வேலை கிடைத்ததைச் சொன்னேன். கொத்தனார் அதற்கும் சிரித்தார்.

அன்றைக்கே மேஸ்திரி சட்டம் போட்டுவிட்டார். எதை எழுதினாலும் முதலில் டீ நேரத்தில் கொத்தனார்களிடம் சொல்லிக் காட்ட வேண்டும். ஒருவர் சிரித்தாலும் அந்த வரி கிடையாது. 'உலகத் தரம்' பாதி சொல்வதற்குள் போயிற்று. 'குறித்த நாளில் முடிப்போம்' என்றபோது ஒருவருக்கு டீ புரையேறிவிட்டது.

கடைசியில் அந்தச் சமையலறைச் சுவரைப் படம் பிடித்து, கீழே எழுதப்போவதைச் சொல்லிக் காட்டினேன்: 'இது எங்கள் கிணற்று நீரில் கட்டியது. இப்போது அப்படிக் கட்டுவதில்லை.'

யாரும் சிரிக்கவில்லை. நான் பயந்துபோய், அன்று வெடித்துச் சிரித்த கொத்தனாரைப் பார்த்தேன். அவர் பீடியைப் பற்றவைத்தார்.

"ம். போடு," என்றார்.