கேட்டுவிட்டுத் தோண்டியவர்

பத்மாவதி மேடம் காலமான செய்தி வந்தபோது நான் மயிலாப்பூர் தெற்கு மாடவீதியில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். போனில் அவருடைய தம்பி ஸ்ரீதர். "அக்கா காலைல போயிட்டாங்க. தூக்கத்துலயே" என்றார். கையிலிருந்த காயைத் தராசில் போட்டேனா, கூடையிலேயே வைத்தேனா என்று நினைவில்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "எங்கம்மா போவணும்?" என்று கேட்ட பிறகுதான் நான் இடமே சொல்லவில்லை என்று உறைத்தது. "அடையாறு" என்றேன்.

நம் கல்லூரியின் பழைய மாணவிகளுக்கு அவர் இயற்பியல் பேராசிரியர். ஆய்வுக்கூடத்தில் கம்பியை மாற்றி இணைத்துவிட்டு அவரிடம் திட்டு வாங்காதவர்கள் குறைவு. நான் அதே கல்லூரியில் வரலாறு நடத்தியவள். எனக்குச் சில வருடங்கள் மூத்தவர் என்பதால் அவர் என்னை "சகு" என்பார். நான் ஓய்வு பெற்ற பிறகும் "மேடம்" என்பதை விடவில்லை. அவருடைய கடைசி ஆண்டுகளை உங்களில் பலர் அறிந்திருக்க மாட்டீர்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஓய்வு பெற்ற அடுத்த மாதம் அவர் ஓர் உலோகம் காட்டும் கருவி வாங்கினார். நீண்ட கம்பு, நுனியில் தட்டு, காதில் மாட்டிக்கொள்ளும் ஹெட்போன். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் பீப் என்று கத்தும். காவல் நிலையத்துக்குப் போய், இன்ன கருவி, இன்ன இடத்தில் நடப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் பெசன்ட் நகர் கடற்கரையில் கால் வைத்தார். அவர்கள் சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்தார்களாம்.

ஒரு நாள் காலை நானும் கூட இருந்தேன். ஏழுமலை என்ற மீனவர் வலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார். "இன்னாமா, தங்கம் தேடிக்கினு கீறியா?"

"தங்கம் எங்கப்பா கிடைக்குது? எல்லாம் சோடா மூடிதான்."

"அப்போ எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணு. வலையிலேர்ந்து ஈயக்குண்டுங்க அறுந்து இங்கதான் எங்கியோ வுழுந்துட்டு கீது."

மேடம் அந்த மணலை வகுப்பறைக் கரும்பலகை மாதிரி பாவித்து, இடமிருந்து வலம், பிறகு வலமிருந்து இடம் என்று நடந்தார். வெயில் ஏறுவதற்குள் ஏழுமலையின் கை நிறையக் குண்டுகள். அன்றிலிருந்து குப்பத்தில் அவருக்குப் பெயர் "பீப் அம்மா". யாருக்கு மெட்டி தொலைந்தாலும், படகுச் சாவி தொலைந்தாலும் அவருக்குத்தான் போன் வரும். பேராசிரியர் என்ற பட்டத்தை விட அந்தப் பெயரை அவர் அதிகம் ரசித்தார்.

இங்கிலாந்தில் இதையே பொழுதுபோக்காகச் செய்கிறார்கள், நில உரிமையாளரின் அனுமதி வாங்கினால் வயல்களில் தேடலாம் என்று அவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். "சகு, நான் பீப் சத்தத்தைக் கேக்கறேன், நீ கிடைக்கறது என்னன்னு சொல்லு. போயிட்டு வரலாமா?" என்றார். கடற்கரையில் நடக்க வரும் நண்பர்கள் நாலு பேர் தாங்களும் வருவதாகச் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் பயண ஏற்பாட்டாளரையும் கூட்டி வந்தார்.

அவர் மேடத்தின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வேறொரு நாட்டின் படங்களைக் காட்டினார். கடலோரம், இடிந்த தூண்கள், அந்தக் காலத்து நாணயங்கள். இங்கிலாந்துப் பயணத்துக்கு ஆவதில் பாதிதான் செலவு. "அங்க சட்டம் கிட்டம்னு ஒண்ணும் இல்ல மேடம். டூரிஸ்ட்டை யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். எல்லோர் முகமும் மலர்ந்துவிட்டது. மேடம் மட்டும், "ஒரு வாரம் டைம் கொடுங்க" என்றார். அந்த வாரத்திலேயே அந்நாட்டுத் தூதரகத்துக்கு எழுதிக் கேட்டார். பதில் வந்தது: அனுமதியின்றித் தேடுவது குற்றம், வெளிநாட்டவருக்கு அனுமதி கிடையாது.

அடுத்த கூட்டத்தில் அதைப் படித்துக் காட்டினார். ஒருவர் சலித்துக்கொண்டார். "நீங்க ஏன் மேடம் போய்க் கேட்டீங்க? கேக்காம இருந்திருந்தா நமக்குத் தெரியாமலே இருந்திருக்கும்."

"நம்ம வீட்டு வாசல்ல வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் வந்து தோண்டினா, நீங்க காபி போட்டுக் கொடுப்பீங்களா?" என்று கேட்டார் மேடம். குரலை உயர்த்தவில்லை. "மண்ணுக்குள்ள இருக்கறதும் யாரோ ஒருத்தரோடதுதான். மேல இருக்கறவங்களைக் கேக்காம கீழ கை வைக்கக் கூடாது."

நாலு பேரும் விலகிக்கொண்டார்கள். சில மாதங்கள் கடற்கரையில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்களும் உண்டு. அது மேடத்தைப் பாதித்தது, எனக்குத் தெரியும். ஆனால் ஒரு முறை கூட, பேசாமல் இருந்திருக்கலாமோ என்று அவர் சொன்னதில்லை.

மீதமிருந்தவர்கள் நாங்கள் இருவர்தான். இங்கிலாந்துப் பண்ணையாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கினார். பெரும்பாலானவர்கள் பதிலே போடவில்லை. ஆடு வளர்க்கும் மார்கரெட் என்ற மூதாட்டி மட்டும் சம்மதித்தார். இரண்டு நிபந்தனைகள்: கேட்டை மூடாமல் போகக் கூடாது, தோண்டிய குழி தெரியக் கூடாது. மேடம் வீட்டுக்கு முன்னால் இருந்த சின்னப் புல்தரை எங்கள் பயிற்சிக்களம் ஆயிற்று. மண்ணை மூன்று பக்கம் வெட்டி, நாலாவது பக்கத்தில் புல்லோடு மடக்கித் திறந்து, பிறகு மூடிவிட வேண்டும். "தோசை மடிக்கற மாதிரிதான் சகு, பிய்ஞ்சுடாம எடு" என்பார். நான் பிய்த்த தோசைகளால் அந்தப் புல்தரை சொட்டை விழுந்துபோயிற்று. ரப்பர் பூட்ஸ் வாங்கி, மழை பெய்த ஒரு மாலையில் இரண்டு பேரும் கடற்கரையில் நடந்து பழகினோம். சுண்டல் விற்பவர் வியாபாரத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

விசா வந்த அதே வாரத்தில் மருத்துவ அறிக்கையும் வந்தது. புற்றுநோய். அடையாற்றில் மருத்துவரைப் பார்க்க நானும் போனேன். மேடம் வேறெதுவும் கேட்கவில்லை. "டாக்டர், நான் பிரயாணம் பண்ண முடியுமா?" என்றார். இப்போது முடியாது, சிகிச்சை முடியட்டும், பார்க்கலாம் என்றார் மருத்துவர். வெளியே வந்ததும் எனக்குக் கண்ணீர் முட்டியது. அவர் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டே, "தேதியைத்தான் மாத்தறோம். இடத்தை மாத்தல" என்றார்.

சொன்னபடியே போனோம். சிகிச்சை முடிந்து, உதிர்ந்த முடி மறுபடி கொஞ்சம் முளைத்திருந்த நேரம் அது. தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு அந்த ஈரப் புல்வெளியில் அவர் நடந்தார். முதல் இரண்டு நாளும் துருப்பிடித்த ஆணிகள், ஒரு பெல்ட் கொக்கி. மூன்றாம் நாள் மதியம் அவர் நின்று கையைத் தூக்கினார். தெளிவான சத்தம். அவரால் குனிய முடியவில்லை. நான் முழங்காலிட்டு வெட்டினேன். பச்சை படிந்த செம்புக் காசு ஒன்று வந்தது. கட்டைவிரலால் மண்ணைத் தள்ளிவிட்டுப் பார்த்தேன். எழுத்து தெரிந்ததும் இன்னொரு முறை துடைத்துப் பார்த்தேன்.

"என்ன சகு, ரோமானியக் காசா?"

"இல்ல மேடம். நம்ம ஊர்க் காசு. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக் காலணா."

ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கருவியைக் கீழே வைத்துவிட்டு, புல்லில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "இவ்வளவு தூரம் வந்து காலணாவா!" ஆடுகள் மேய்வதை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தன.

மார்கரெட்டின் சமையலறை மேசையில் அதை வைத்தோம். யாரோ சிப்பாய் இந்தியாவிலிருந்து ஊர் திரும்பும்போது சட்டைப்பையில் கொண்டுவந்திருக்கலாம் என்று என் ஊகத்தைச் சொன்னேன். மார்கரெட் காசை மேடத்தின் பக்கம் நகர்த்தினார். "இது உங்கள் நாட்டுடையது. எடுத்துக்கொண்டு போங்கள்."

மேடம் அதை விரலால் ஒரு முறை திருப்பினார். ஆசை இல்லாமல் இல்லை. அந்தக் கையை எனக்குத் தெரியும். பிறகு திரும்ப மார்கரெட் பக்கமே நகர்த்திவிட்டு, "ஒன்றுக்கும் உதவாத காசை ஒரு மனிதன் இவ்வளவு தூரம் சுமந்துவந்திருக்கிறான் என்றால், அவனுக்கு ஏதோ காரணம் இருந்திருக்கும். அவன் கொண்டுவந்த இடத்திலேயே இருக்கட்டும்" என்றார். மார்கரெட் எழுந்துபோய் அவரைக் கட்டிக்கொண்டார். அந்தக் காசு இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

நோய் திரும்பி வந்தது. கடைசி மாதங்களில் நான் போகும்போதெல்லாம் அடுத்த பயணத்தைப் பற்றித்தான் பேசுவார். எந்த நாடு, யாரிடம் கேட்க வேண்டும், அங்கே மழை எப்போது. என் பாஸ்போர்ட் காலாவதியாகப் போகிறது, இந்த வயதில் இன்னும் பத்து வருஷத்துக்குப் புதுப்பித்து என்ன செய்ய என்று ஒரு நாள் சொன்னேன். தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, வகுப்பில் பார்ப்பது போலப் பார்த்தார். "பத்து வருஷங்கறது பாஸ்போர்ட்டோட கணக்கு சகு. நமக்கு அதுல என்ன வேலை? நீ புதுப்பி."

அவருடைய கருவியை ஸ்ரீதர் குப்பத்து ஏழுமலையிடம் கொடுத்துவிட்டார், அதுதான் சரி. என்னிடம் இருப்பது அந்தக் கடைசித் திட்டு. காரியமெல்லாம் முடிந்த மறுநாள் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போனேன். புகைப்படம் எடுத்த பெண், "வெளிநாடு போறீங்களாம்மா?" என்று கேட்டாள். "போறேன்" என்றேன். எங்கே என்று இனிமேல்தான் முடிவு செய்ய வேண்டும்.